டீசல் பம்பைக் காக்கும் ரப்பர் வளையங்கள்

மங்களூரிலிருந்து கிழக்கு நோக்கி வரும் நெடுஞ்சாலை திருவண்ணாமலையையும் வேட்டவலத்தையும் தாண்டிக் கண்டாச்சிபுரத்தை அடைந்து, அங்கிருந்து கெடார், காணை ஆகிய ஊர்களின் வழியே விழுப்புரத்தில் வந்து முடிகிறது. பாறைக் குன்றுகளும் ஏரிப் பாசன வயல்களும் மாறி மாறித் தென்படும் இந்தப் பிரதேசத்தில் விளையும் நெல்லும் கரும்பும் மல்லாட்டை என்ற நிலக்கடலையும், பாறையை உடைத்து எடுக்கும் ஜல்லியும், சந்தைக்கும் ஆலைக்கும் கட்டட வேலைக்கும் போய்ச் சேருவது டீசல் லாரிகளாலும் டிராக்டர்களாலும்தான். அவற்றில் பல புதிய வண்டிகள் அல்ல. முதல் சொந்தக்காரரிடம் நெடுந்தூரப் பிரயாணங்களில் உழைத்த பின்பு, இரண்டாவது மூன்றாவது கைக்கு வந்து, உள்ளூர்ச் சுமைக்கு அமர்ந்தவை. அப்படிப்பட்ட ஒரு லாரியின் எஞ்சினைப் பக்கவாட்டில் பார்த்தால், டீசல் பம்பு பொருத்தியிருக்கும் இடத்தில் எண்ணெய்க் கசிவும் சாலைப் புழுதியும் சேர்ந்து கறுத்த களிம்பாகப் படிந்திருப்பதை அநேகமாகக் காணலாம். டிரைவரைக் கேட்டால், "ஓடற வண்டின்னா லேசா கசியத்தாங்க செய்யும்" என்று சமாதானம் சொல்வார். அந்தச் சமாதானத்தை ஏற்பதற்கில்லை. அந்தக் கசிவு எங்கே பிறக்கிறது, எரிபொருள் மாறும்போது அது ஏன் அதிகமாகிறது, அதை நிறுத்துவதற்கு எவ்வளவு சிரத்தை வேண்டியிருக்கிறது என்பவற்றை, வண்டி வைத்திருப்பவர்கள் மட்டுமல்ல, சாலையில் நடமாடும் எல்லோருமே தெரிந்துகொள்வது நல்லது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வெறும் காற்றை இழுத்து, அதைப் பதினாறு பதினெட்டில் ஒரு பங்காகச் சுருங்கும்படி பிஸ்டன் அழுத்தும்போது, அந்தக் காற்று தானாகவே கடுஞ்சூட்டை அடைகிறது. அந்த க்ஷணத்தில், முன்னும் பின்னும் இல்லாமல், கூடவும் குறையவும் இல்லாமல், டீசல் நுண்ணிய தூறலாக உள்ளே பாய்ந்தால் அது தானே பற்றிக்கொண்டு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. ஆறு சிலிண்டர் கொண்ட ஒரு லாரி எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுழலுமானால், ஒவ்வொரு சிலிண்டரிலும் 1,000 தடவை, ஆக மொத்தம் 6,000 தடவை, அதாவது விநாடிக்கு 100 தடவை, இந்தக் காரியம் நடந்தாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் பாயும் டீசல் சில சொட்டுக்கு மேற்படாது. ஆனால் அதை நாசில் வழியே பீறிட்டுப் பாயச் செய்வதற்கு வேண்டிய அழுத்தமோ, பழைய மாதிரி எஞ்சின்களிலேயே வளிமண்டல அழுத்தத்தைப்போல் 200 மடங்கு அளவில் தொடங்கி மேலே போகிறது. லாரியின் டயருக்குள் அடைத்திருக்கும் காற்றின் அழுத்தத்தை இருபது தடவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது.

இந்த அழுத்தத்தை உண்டாக்கும் சிறிய பம்பு ஒன்று இல்லாததால்தான் டீசல் எஞ்சின் வெகுகாலம் சாலைக்கு வராமல் இருந்தது. ருடால்ப் டீசல் 1893இல் தம் எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்று, 1897இல் ஜெர்மனியிலுள்ள அவுக்ஸ்புர்க் நகரத்தில் அதை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியபோது, எரிபொருளைச் சிலிண்டருக்குள் செலுத்தியது அழுத்தப்பட்ட காற்று. அந்தக் காற்றை உண்டாக்க ஒரு தனிக் கம்பிரஸர் வேண்டியிருந்தது. அவ்வளவு பாரத்தைக் கப்பலும் தொழிற்சாலையும் தாங்கும், லாரி தாங்காது. 1922இல் ராபர்ட் பாஷ் கம்பெனியார் காற்றின் உதவி இல்லாமலே டீசலைத் தள்ளும் சிறிய பம்பு ஒன்றைச் செய்யும் முயற்சியில் இறங்கி, 1927இல் அதைத் தொகுதி தொகுதியாகத் தயாரிக்க ஆரம்பித்தனர். டீசல் லாரி உலகமெங்கும் பரவியது அதற்குப் பிற்பாடுதான். நம் தேசத்தில் 1951இல் பாஷ் கம்பெனியாரின் தொடர்போடு பெங்களூரில் மைக்கோ நிறுவனம் தோன்றியது. 1954இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டாவினர் டைம்லர்-பென்ஸ் கம்பெனியாருடன் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கினர். 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்டாக மாறிச் சென்னை எண்ணூரில் வளர்ந்தது. மைக்கோவின் பெயர் 2008இல் பாஷ் லிமிடெட் என்று மாறிவிட்ட போதிலும், பட்டறைகளில் இன்னமும் மைக்கோ பம்பு என்றே வழங்குகிறார்கள்.

இவ்வளவு பெரிய அழுத்தம் உண்டாகும் இடத்தில் ரப்பர் ஒன்றுமே இல்லை என்பது இந்த விஷயத்தில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விசேஷம். மெக்கானிக்குகள் எலிமெண்ட் என்று சொல்லும் ஜோடியில், பிளஞ்சர் என்ற எஃகுத் தண்டும் அது ஏறி இறங்கும் பேரல் என்ற எஃகுக் குழலும் ஒன்றுக்கொன்று இழைத்துப் பொருத்தப்பட்டவை. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு செய்தால் அவற்றில் இரண்டு முதல் நான்கு கூறு வரைதான். மனிதனின் தலைமயிர்கூட அதைவிடப் பன்மடங்கு கனமானது. இந்த இழைப்பின் சூக்ஷ்மமே அங்கே டீசலைத் தடுத்து நிறுத்துகிறது. அந்த இடைவெளியில் படரும் டீசலே அங்கே மசகெண்ணெயாகவும் இருந்து உலோகத்தைத் தேயாமல் காக்கிறது. ஒரு பேரலின் பிளஞ்சரை எடுத்து மற்றொரு பேரலில் போடக் கூடாது என்பதும், ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் எலிமெண்ட் கீறுண்டு போகும் என்பதும் இதிலிருந்து தாமே விளங்கும்.

ரப்பர் வளையங்கள் இருப்பது அதற்கு வெளியே. டாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சி, பில்டர் வழியாக வடித்து அனுப்பும் பீட் பம்பு, பெரிய பம்பின் உடலுக்குள் இருக்கும் ஓர் அறையை வளிமண்டலத்தைப்போல் ஒன்றிரண்டு மடங்கு அழுத்தத்தில் எப்போதும் நிரப்பி வைக்கிறது. அந்த அறையிலிருந்து டீசல் வெளியே கசிய முடியாதபடி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலே நாசில் குழாய்க்கு டீசலை விடும் டெலிவரி வால்வைப் பிடித்திருக்கும் ஹோல்டரைச் சுற்றி ஓர் ஓ-ரிங் இருக்கிறது. அதன் அடியில் பேரழுத்தத்தைத் தாங்குவதற்குச் செம்பு வாசரோ அதற்கு ஒப்பான வேறொன்றோ இருக்கிறது. குழாய்கள் வந்து சேரும் இடங்களிலும் செம்பு வாசர்கள் உண்டு. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் மூடிக்குக் கேஸ்கட் உண்டு. எஞ்சினிலிருந்து சுழற்சியை வாங்கும் தண்டு பம்புக்குள் நுழையும் வாயிலில், உதடும் அந்த உதட்டை இறுக்கிப் பிடிக்கும் சுருள் கம்பியும் உடைய ஆயில் சீல் உண்டு.

மேலே ஹோல்டரின் பக்கம் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். சுத்தமாகத் துடைத்துவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்த்தால், எந்த ஹோல்டரின் அடியில் முதலில் ஈரம் துளிர்க்கிறது என்பதைச் சிறு பையன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். உண்மையில் பயப்பட வேண்டியது வெளியே தெரியாத கசிவுக்குத்தான். பீட் பம்பின் தண்டு தேய்ந்தாலும், பேரலின் கீழ்ப்புறத்துச் சீல் தளர்ந்தாலும், டீசல் வெளியே வராமல் பம்பின் அடிப்பாகத்து எண்ணெயில் இறங்குகிறது. டிராக்டர்களிலும் சிறு லாரிகளிலும் உள்ள ரோட்டரி பம்பின் உட்புறம் முழுவதுமே டீசலால் நிறைந்தது; அதன் முன்பக்கத்துத் தண்டுச் சீல் கெட்டுவிட்டால், டீசல் நேராக எஞ்சின் எண்ணெயில் போய்க் கலக்கும்படியான அமைப்புகளும் உண்டு. எஞ்சின் எண்ணெயின் மட்டத்தைக் காட்டும் டிப்-ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கும்போது, எண்ணெய் குறைவதற்குப் பதிலாக நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால், அதைக் கண்டு சந்தோஷப்படும் சொந்தக்காரர் பெரிய நஷ்டத்துக்கு வாசலைத் திறந்து வைக்கிறார். எண்ணெயை விரலால் தொட்டு மோந்து பார்த்தால் டீசல் வாசனை வரும். விரல்களுக்கிடையே உரசினால் தண்ணீர்போல் நழுவும். அந்த எண்ணெயால் கிராங்க் பேரிங்குகளைக் காப்பாற்ற முடியாது. சீலின் விலைக்கும் எஞ்சினை முழுவதும் பிரித்துக் கட்டும் செலவுக்கும் உள்ள தாரதம்மியத்தை லாரி வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, அந்த வளையத்தின் இயல்பைப் பார்ப்போம். ஓ-ரிங் என்பது பார்வைக்கு ஒரு சாதாரண ரப்பர் வளையம். ஆனால் அதன் யுக்தி அழகானது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சென் என்பவர், தம் எழுபது வயதுக்கு மேல், 1939இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு காடியில் வளையத்தை உட்கார வைத்து, அதன் கனத்தில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு நசுங்கும்படி எதிர்ச்சுவரைப் பொருத்தினால், ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிட எப்போதும் முயன்றுகொண்டே இரு சுவர்களையும் அழுத்திக்கொண்டிருக்கிறது. உள்ளிருந்து வரும் திரவத்தின் அழுத்தமும் அதைக் காடியின் ஓரத்துக்கு நெருக்கித் தள்ளி, அடைப்பை மேலும் பலப்படுத்துகிறது. ஆகவே, கசிவைத் தடுப்பது ரப்பரின் கனம் அல்ல. நசுங்கினால் நிமிரும் அதன் குணம். அந்தக் குணம் போய்விட்டால் வளையம் முழுசாக இருந்தும் பயனில்லை. 1986 ஜனவரி 28ஆம் தேதி அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதறி ஏழு பேர் மாண்டதற்குக் காரணம், அன்று காலைக் குளிரில் விறைத்துப்போன ஓ-ரிங்கே என்பதை, விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியல் அறிஞர் ரிச்சர்டு பெயின்மன், அந்த ரப்பரின் ஒரு துண்டைப் பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, அது நிமிரத் தாமதிப்பதைச் சபையோர் முன்னிலையில் பிரத்தியட்சமாகக் காட்டினார். விழுப்புரத்து லாரிக்குக் குளிரின் தொல்லை இல்லை. இங்கே ரப்பரைக் கொல்வது சூடும், காலமும், எரிபொருளின் மாறுதலும்.

டீசல் பம்புகளில் நெடுங்காலமாகப் புழங்கிவந்தது நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர். மரத்து ரப்பர் டீசலில் ஊறினால் உப்பிப் பிசுபிசுத்து உருக்குலைந்து போகும். நைட்ரைல் அப்படிப் போகாது. ஆனால் அதுவும் டீசலை அறவே ஏற்காமல் இருப்பதில்லை. டீசலில் உள்ள பல வகைச் சேர்மங்களில் அரோமாட்டிக் என்ற ஒரு வகுப்பு நைட்ரைலுக்குள் ஊடுருவி அதைச் சிறிது உப்பச் செய்கிறது. வருஷக்கணக்காக அந்த உப்பலோடு காடியை நிறைத்துக்கொண்டிருக்கும் வளையம், சூட்டினால் உள்ளுக்குள் கெட்டிப்பட்டுப் போயிருந்தாலும், அந்த உப்பலின் புண்ணியத்தால் கசியாமல் காலந் தள்ளுகிறது. இந்த நிலையில் டீசலின் சேர்க்கை மாறினால் என்ன ஆகும்? டீசலிலிருந்து கந்தகத்தை நீக்குவதற்குச் சுத்திகரிப்பு ஆலைகளில் ஹைட்ரஜனைச் சேர்த்து உயர்ந்த அழுத்தத்தில் சூடுபடுத்தும்போது, கந்தகத்தோடு அரோமாட்டிக் சேர்மங்களிலும் ஒரு பகுதி உருமாறிவிடுகிறது. அந்தப் புதிய டீசல் பழைய வளையத்தைச் சூழ்ந்துகொண்டதும், அதற்குள் ஊறியிருந்தது மெல்ல வெளியேறுகிறது. செடியிலிருந்து பிடுங்கிய பச்சை மல்லாட்டையில் ஓட்டை நிறைத்துக்கொண்டிருந்த பருப்பு, களத்தில் காய்ந்த பின்பு குலுக்கினால் சத்தம் கேட்கும்படி சுருங்கிவிடுவதைப்போல, வளையமும் தன் காடிக்குள் சுருங்கி நிற்கிறது. புது ரப்பராக இருந்தால் தன் நெகிழ்ச்சியால் அந்தக் குறையை ஈடுசெய்துவிடும். கெட்டிப்பட்ட ரப்பருக்கு அந்தச் சக்தி இல்லை. அமெரிக்காவில் 1993 அக்டோபரில் சாலை வாகனங்களுக்கான டீசலில் கந்தகத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 500 பங்காகக் குறைத்தபோது, நேற்றுவரை ஒழுங்காக ஓடிய பல பழைய லாரிகளின் பம்புகள் திடீரென்று ஒழுகத் தொடங்கியதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது இதுவே.

நம் தேசத்திலும் அந்த அளவு படிப்படியாக இறங்கியிருக்கிறது. வண்டிப் புகைக்கான விதிகளில் பாரத் ஸ்டேஜ் இரண்டில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு; மூன்றில் 350; 2017 ஏப்ரலில் தேசம் முழுவதும் நடைமுறைக்கு வந்த நான்கில் 50; ஐந்தைத் தாண்டிக் குதித்து, 2020 ஏப்ரல் முதல் தேதியன்று வந்த ஆறில் வெறும் 10. நகரத்துக் குழந்தைகளின் சுவாசத்துக்கு இது பெரிய உபகாரம். அதைப் பற்றி இரண்டாவது அபிப்பிராயத்துக்கு இடமில்லை. ஆயினும், 500 பங்குக் கந்தகத்தின் காலத்தில் செய்த பம்பும், அந்தக் காலத்து ரப்பரும், இன்றைக்கு 10 பங்கு டீசலில் ஓடுகின்றன என்பதைச் சொந்தக்காரர் நினைவில் வைக்க வேண்டும். கந்தகத்தை நீக்கும் அதே கிரியை டீசலின் மசகுத் தன்மையையும் குறைத்துவிடுகிறது. அதை ஈடுசெய்யும் மருந்தை ஆலையிலேயே சேர்த்து அனுப்புகிறார்கள். மலிவு என்று டீசலில் மண்ணெண்ணெயைக் கலப்பவர்கள், அந்த ஈட்டைத் தங்கள் கையாலேயே அழித்து, எலிமெண்ட்டைத் தேய்த்துக்கொள்கிறார்கள். 2018இல் வெளியான தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030க்குள் டீசலில் நூற்றுக்கு ஐந்து பங்கு பயோடீசலைக் கலப்பதை லட்சியமாகச் சொல்கிறது. பயோடீசலும் சாதாரண நைட்ரைலுக்கு அவ்வளவாக இணங்குவதன்று.

ஆகவே, புதிய சீல் வாங்கும்போது எந்த ரப்பரில் செய்தது என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியார் 1957இல் விட்டான் என்ற பெயரோடு வெளியிட்ட புளோரின் சேர்ந்த ரப்பர், டீசலின் சேர்க்கை எப்படி மாறினாலும் அதிகம் உப்புவதோ சுருங்குவதோ இல்லை. நைட்ரைல் 100 டிகிரிச் சூட்டை ஒட்டித் தளரத் தொடங்கும்போது, அது 200 டிகிரி அளவிலும் தாக்குப்பிடிக்கிறது. விலை சில மடங்கு கூடுதல் என்றாலும், மொத்தச் செலவில் அது பெரிய தொகை அல்ல. பழுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் அது விட்டான்தான் என்று சிலர் நிறத்தைக் கொண்டு நிச்சயிக்கிறார்கள். ரப்பருக்கு எந்தச் சாயத்தையும் ஏற்றலாமாகையால், நிறம் பிரமாணமாகாது. பம்பின் உடலில் அடித்திருக்கும் தகட்டில் உள்ள எண்ணுக்குரிய செட்டை, தயாரிப்பாளரின் உறையோடு, தெரிந்த கடையில் வாங்குவதே வழி. பழைய டியூபிலிருந்து வளையம் வெட்டிப் போடுவதும், கசியும் இடத்தின்மேல் பசையை அப்பிவிடுவதும் பரிகாரம் ஆகா.

வேலையைத் தொடங்குமுன் கசிவின் திசையை நிச்சயிக்க வேண்டும். பீட் பம்புக்கு முன்னால், அதாவது டாங்கியிலிருந்து பீட் பம்பு வரையுள்ள பாதையில், எஞ்சின் ஓடும்போது இருப்பது உறிஞ்சும் விசை. அங்கே ஒரு வாசர் தளர்ந்தால் டீசல் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதே அதிகம். எஞ்சின் திணறுவதும், ஏற்றத்தில் இழுவை போவதும், ராத்திரி நிறுத்திய வண்டி விடியற்காலையில் கிளம்ப மறுப்பதும் அதன் அடையாளங்கள். பீட் பம்புக்குப் பின்னால் டீசல் வெளியே கசியும். கசிவைப் பெரிய பம்பில் தேடிக்கொண்டிருக்கையில் குற்றம் டாங்கிக் குழாயில் இருப்பது அபூர்வமன்று.

நல்ல மெக்கானிக் முதலில் எடுப்பது ஸ்பேனரை அல்ல, துணியையும் பிரஷ்ஷையும். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, பம்பையும் குழாய்களையும் டீசலால் கழுவித் துடைத்து, புழுதியில்லாத இடம் பார்த்து வண்டியை நிறுத்துவது பாதி வேலை. சூடாக ஓடிக்கொண்டிருக்கும் பம்பின்மேல் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சினால், வெளியுடல் சட்டென்று சுருங்கி, உள்ளே அந்த நுண்ணிய இடைவெளியில் பிளஞ்சர் பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. வாட்டர் சர்வீஸ் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிறகு நாசில் குழாய்களைக் கழற்றி, கழற்றிய ஒவ்வொரு முனையையும் உடனே மூடிவிட வேண்டும். ஹோல்டர்களை ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றாமல், ஒன்றைக் கழற்றி, சீலையும் வாசரையும் மாற்றி, பூட்டிய பிறகே அடுத்ததைத் தொடுவது பழகியவர்களின் சம்பிரதாயம். ஏனெனில் ஒவ்வொரு டெலிவரி வால்வும் தன் இருக்கையோடு ஜோடி சேர்ந்தது, இடம் மாறக் கூடாது. சில வகைப் பம்புகளில் ஹோல்டரைத் தாங்கும் உறையைச் சற்றுத் திருப்பினாலே பாயும் டீசலின் அளவு மாறிவிடும். அப்படிப்பட்டவற்றை டெஸ்ட் பெஞ்ச் இல்லாத இடத்தில் தொடவே வேண்டாம்.

காடியிலிருந்து பழைய வளையத்தைக் கூரான இரும்பால் நெம்பி எடுத்தால் காடியில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியே புது வளையமும் கசியும். மரக் குச்சியோ பிளாஸ்டிக் முனையோ போதும். எடுத்த பழைய வளையத்தைத் தூர எறியாமல் கையில் வைத்துப் பார்ப்பது பெரிய பாடம்: ஒரு பக்கம் தட்டையாக இருந்தால் அது வயதாகி நிமிரும் சக்தியை இழந்தது, மடித்தால் வெடிப்பு விட்டால் சூட்டில் வெந்தது, உப்பிக் கொழகொழத்திருந்தால் யாரோ தவறான ரப்பரைப் போட்டிருக்கிறார்கள், ஓரத்தில் சீவினதுபோல் இருந்தால் பொருத்தும்போதே மரைமுனையில் அறுபட்டது. புது வளையத்தைச் சுத்தமான டீசலிலோ எண்ணெயிலோ நனைத்து, முறுக்கு விழாமல் இறக்க வேண்டும். பழைய செம்பு வாசரை மறுபடி போடுவது சிக்கனமாகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது இறுக்கும் அளவு. "அண்ணே, இன்னும் ஒரு இழுப்பு இறுக்கி விடுங்க, கசிவு நின்னுடும்" என்று டிரைவர் வற்புறுத்துவதும், மெக்கானிக் நீண்ட குழாயை ஸ்பேனரில் மாட்டி இழுப்பதும் பட்டறைகளில் நடப்பதே. ஓ-ரிங் செய்யும் காவலுக்கும் இந்த இழுப்புக்கும் சம்பந்தமில்லை. ஹோல்டரை அளவுக்கு மீறி இறுக்கினால், அதன் அடியிலுள்ள பேரல் கண்ணுக்குத் தெரியாத அளவில் கோணுகிறது. கோணிய பேரலில் பிளஞ்சர் இறுகுகிறது. பிளஞ்சர்களைத் திருப்பி டீசலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் என்ற பல்தண்டு அதனால் நகர மறுக்கிறது. அது முழு டீசல் கொடுக்கும் நிலையில் சிக்கிக்கொண்டால், எஞ்சின் யாருடைய கட்டுப்பாட்டுக்கும் அடங்காமல் வேகம் ஏறிக்கொண்டே போய்த் தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும். ஆகையால், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்கி, ஒவ்வொரு ஹோல்டரை இறுக்கிய பின்பும் ராக் வழுக்கிக்கொண்டு போய் வருகிறதா என்று கையால் அசைத்துப் பார்த்த பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

பிறகு ஏர் எடுக்க வேண்டும், அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். பில்டரின்மேல் உள்ள திருகைத் தளர்த்தி, பீட் பம்பின் கைப்பிடியை அடித்து, குமிழி இல்லாத டீசல் வரும்வரை காத்திருந்து மூடி, பம்பின் திருகிலும் அப்படியே செய்து, கடைசியாக நாசில் முனைகளைச் சற்றுத் தளர்த்தி எஞ்சினைச் சுழற்றி, டீசல் துளிர்த்ததும் இறுக்குவது பழைய மாதிரி பம்புகளுக்குரிய கிரமம். 1,600 மடங்கு வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டி வேலை செய்யும் இந்நாளைய காமன் ரெயில் எஞ்சின்களில் இதைச் செய்யக் கூடாது. பழையதோ புதியதோ, ஓடும் எஞ்சினின் பேரழுத்தக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது விபரீதம். ஊசிமுனை போன்ற பீறல் தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் ஏற்றிவிடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது; ஆயினும் விரலையோ கையையோ இழக்க நேரிடும். அப்படி நேர்ந்தால் நாழிகை கடத்தாமல் அறுவைச் சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

முன்பக்கத்துத் தண்டுச் சீலையும் பேரலின் அடிச்சீலையும் மாற்றுவதற்குப் பம்பையே இறக்க வேண்டும். இறக்குமுன் டைமிங் அடையாளங்களைக் குறித்துக்கொள்ளாவிட்டால், திரும்பப் பூட்டும்போது டீசல் பாயும் வேளை தவறி, எஞ்சின் புகையைக் கக்கும் அல்லது தட்டும். தண்டில் பழைய சீலின் உதடு உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்திருந்தால், புதுச் சீல் போட்டும் சில வாரங்களில் கசியும். தண்டையும் பார்த்தாக வேண்டும். இந்த வேலைகள் விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களிலுள்ள பம்பு-நாசில் சர்வீஸ் கடைகளுக்கு உரியவை. அங்கே பம்பைப் பெஞ்சில் ஏற்றிச் சுழற்றி, ஒவ்வொரு வாயிலிலிருந்தும் வரும் டீசலைக் கண்ணாடிக் குழலில் பிடித்து, ஆறிலும் ஒரே மட்டம் வரும்படி சரிசெய்கிறார்கள். அந்தக் கண்ணாடிக் குழல்களுக்கு முன்னால் நாள் முழுதும் குனிந்து நிற்கும் மனிதர்களின் பொறுமையும் கண்பார்வையும் இல்லாமல் நம் ஊர்ச் சுமைகள் ஒன்றும் நகரா.

   

விநாடிக்கு இரண்டு சொட்டு டீசல் கசிந்தால், பத்து மணி நேர ஓட்டத்தில் அது ஒரு லிட்டரைத் தாண்டிவிடும். அந்த நஷ்டம் சொந்தக்காரருடையது. சொட்டிய டீசல் ரப்பர் மவுண்டுகளையும் ஹோஸ்களையும் ஊறவைத்துக் கெடுப்பதும், சூடேறிய புகைக்குழாயின்மேல் பட்டுத் தீப்பிடிப்பதும் வண்டியைச் சேர்ந்தவை. ஆனால் வளைவுகளில் தார்ச்சாலையின்மேல் படிந்து, முதல் மழையில் வழுக்கலாக மாறி, பின்னால் மோட்டார் சைக்கிளில் வரும் பள்ளிக்கூட வாத்தியாரையோ பால்காரரையோ கீழே தள்ளுகிறதே, அது முன்பின் அறியாதவருடைய எலும்பு. இந்த ஒரு காரணத்துக்காகவே ஒழுகும் பம்போடு லாரியைச் சாலைக்கு அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

லாரியும் டிராக்டரும் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரும்பு வெட்டும் அறுவடையும் தொடங்குமுன், சுமை குறைவாக இருக்கும் நாட்களில், பம்பைத் துடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். டிப்-ஸ்டிக்கை மோந்து பாருங்கள். கசிவு தெரிந்தால், பம்பின் தகட்டிலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு அதற்குரிய சீல் செட்டையே வாங்குங்கள். கழற்றிய பழைய சீல்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மெக்கானிக்கை அவசரப்படுத்தாமல், அந்த வேலைக்கு ஒரு முழு நாளைக் கொடுங்கள்.